அமெரிக்கப் பள்ளிகளில் பெண்கள் கூடைப்பந்து ஏன் சுருங்குகிறது? ஓர் எளிய விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை பெற்றோர்கள் நடைக்கூடத்தில் காத்திருப்போம். நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கம். ஒரு குளிர்காலக் காலையில் பேச்சு கூடைப்பந்துப் பக்கம் திரும்பியது. "இந்தக் காலத்துப் பொண்ணுங்க எங்கங்க ஓடியாடுறாங்க, எல்லாம் போன்தான்" என்றார் ஒருவர். "அதெல்லாம் இல்லைங்க, கெய்ட்லின் கிளார்க் வந்ததுக்கு அப்புறம் எல்லாப் பொண்ணுங்களும் கூடைப்பந்துதான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். (கிளார்க், கல்லூரி ஆட்டத்தில் பெரும் புகழ் பெற்ற கூடைப்பந்து வீராங்கனை.) நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் என்று அப்போது கோவையாகச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு இதில் அக்கறை வந்தது என் மகளால். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு, நவம்பர் மாதம் பள்ளிக் கூடைப்பந்து அணித் தேர்வுக்குப் போனாள். மொத்தம் 19 பெண்கள் வந்திருந்தார்கள். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது: போதிய ஆள் இல்லாததால் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு அணி கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதே பள்ளியில் மூன்று அணிகள் நிறைந்து, இடம் கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டாம். அந்தப் பெண்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் புரிந்ததைத்தான், கூடைப்பந்தே தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

இலைக்கணக்கா, தலைக்கணக்கா?

முதலில் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். நம்மூர்க் கல்யாணத்தில் சமையல் காண்டிராக்டர் எப்படிக் கணக்குப் போடுவார்? இலைக்குத்தான். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் சாப்பாடு, மறுநாள் காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு. ஊரிலிருந்து வந்த பெரியப்பா மூன்று வேளையும் சாப்பிட்டால் மூன்று இலை. மண்டபத்தில் 900 இலை விழுந்தது என்றால் 900 பேர் வந்தார்கள் என்று அர்த்தமில்லை.

அமெரிக்காவில் ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரையான வகுப்புகள். இந்தப் பள்ளிகளின் மாநில விளையாட்டுச் சங்கங்களுக்கு எல்லாம் ஒரு தேசியக் கூட்டமைப்பு இருக்கிறது. என்.எஃப்.எச்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எந்த விளையாட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வோர் ஆண்டும் அது ஒரு கணக்கு வெளியிடுகிறது. செய்திகளில் வருகிற எண்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவைதான். அதற்குப் பெயர் பங்கேற்பு எண்ணிக்கை: பள்ளி அணிகளின் பட்டியலில் இருக்கும் இடங்களின் கூட்டுத்தொகை. இது இலைக்கணக்கு. ஒரே பெண் இலையுதிர் காலத்தில் வாலிபால், குளிர்காலத்தில் கூடைப்பந்து, வசந்தத்தில் தடகளம் என்று மூன்றிலும் இருந்தால் மூன்றாக எண்ணப்படுவாள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் கூடைப்பந்தை மட்டும் விட்டால் ஓர் இலை குறையும். அவள் விளையாட்டையே விட்டுவிட்டாள் என்று அதற்குப் பொருள் இல்லை. அடுத்தது, பள்ளிக்கு வெளியே காசு கட்டிக் கிளப்பில் மட்டும் விளையாடும் பெண் இந்தக் கணக்கிலேயே வரமாட்டாள். மண்டபத்துக்கு வந்துவிட்டு வெளியே ஓட்டலில் சாப்பிட்டவரை இலைக்கணக்கில் பார்க்க முடியுமா?

எண்கள் என்ன சொல்கின்றன

1972-ல் அமெரிக்காவில் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய கல்வியாண்டில் பள்ளி விளையாட்டுகளில் பெண்களின் பங்கேற்பு மூன்று லட்சம்கூட இல்லை. 2018-19-ல் அது 34 லட்சம். ஒரே சட்டம் இத்தனை பெண்களுக்குக் கதவைத் திறந்த வேறு உதாரணம் விளையாட்டில் எனக்குத் தெரியாது. அப்படித் திறந்த கதவு வழியாக அதிகம் பேர் நுழைந்த ஆட்டம் கூடைப்பந்து. பல பத்தாண்டுகள் பெண்கள் விளையாட்டில் அதுதான் முதலிடம். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நாலரை லட்சத்தைத் தாண்டி நின்றது.

அப்புறம் இறக்கம். 2014-15-ல் வாலிபால் அதை முந்தியது. 2016-17-ல் 4,30,368 ஆக இருந்த கூடைப்பந்து, இரண்டே ஆண்டில், 2018-19-ல், 3,99,067 ஆனது. நான்கு லட்சத்துக்குக் கீழே போவது 1990-களின் தொடக்கத்துக்குப் பிறகு அதுவே முதல் முறை. கொரோனாவால் அடுத்த இரண்டு ஆண்டும் கணக்கெடுப்பு இல்லை. 2021-22-ல் பார்த்தால் 3,70,466. 2023-24-ல் இன்னும் கொஞ்சம் இறங்கி 3,67,000 அளவில் நின்றது. கால்பந்தும் முந்திவிட்டது.

கூடைப்பந்து சரிந்துகொண்டிருந்த இதே காலத்தில் பெண்களின் மொத்தப் பங்கேற்பு என்ன ஆனது? 2023-24-ல் மறுபடி 34 லட்சத்தைத் தாண்டியது. பெண்கள் தடகளம் ஐந்து லட்சத்தை எட்டியது. வாலிபாலும் ஐந்து லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 2018-19-ல் 21,000 பேர் இருந்த பெண்கள் மல்யுத்தம் 2022-23-ல் 50,000 ஆனது. ஆக, "எல்லாம் போன்தான்" என்ற விளக்கம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. போன் கையிலிருக்கும் அதே பெண்தான் வாலிபால் ஆடுகிறாள், மல்யுத்தக் களத்தில் இறங்குகிறாள்.

குழந்தைகளே குறைந்துவிட்டார்களோ என்றும் கேட்கலாம். 2007-ல் அமெரிக்காவில் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு பிறந்ததில்லை. அந்தக் குழந்தைகள் 2021, 2022 வாக்கில்தான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார்கள். அதாவது கூடைப்பந்து எண்ணிக்கை இறங்கிய காலம் முழுவதும் விளையாடும் வயதுப் பிள்ளைகளுக்குப் பஞ்சம் இல்லை. 2007-க்குப் பிறகு பிறப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதன் தாக்கம் இனிமேல்தான் பள்ளிகளில் தெரியும். இதுவரை நடந்த சரிவுக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எண்ணப்படுவது இலை, ஆள் இல்லை. பெண்கள் விளையாட்டு மொத்தத்தில் குறையவில்லை. குறைந்தது கூடைப்பந்து.

ஒரு பள்ளிக்கு ஓர் அணி இல்லை

இங்கே பள்ளியின் கூடைப்பந்து 'திட்டம்' என்று சொல்வது ஒரே ஓர் அணியை இல்லை. அது படிப்படியாக அமைந்த பல அணிகள். மேலே வார்சிட்டி: பள்ளியின் முதன்மை அணி, பெரும்பாலும் 11, 12-ஆம் வகுப்புப் பெண்கள். அதற்குக் கீழே ஜூனியர் வார்சிட்டி, சுருக்கமாக ஜே.வி.: அடுத்து மேலே போகக் காத்திருப்பவர்களின் அணி. அதற்கும் கீழே ஃப்ரெஷ்மேன் அணி: ஒன்பதாம் வகுப்புக்காரர்களுக்கு மட்டும்.

பாட்டு டீச்சர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் நாலு மணிக்குச் சின்னப் பிள்ளைகளுக்குச் சரளிவரிசை, ஐந்து மணிக்கு வர்ணம், ஆறு மணிக்குப் பெரியவர்களுக்குக் கீர்த்தனை. நாலு மணி வகுப்பை டீச்சர் நிறுத்திவிட்டால் ஆறு மணி வகுப்பில் உடனே ஒன்றும் தெரியாது. அந்த ஆண்டு நவராத்திரிக் கச்சேரியும் வழக்கம்போல நன்றாகவே நடக்கும். மூன்று நான்கு ஆண்டு கழித்துத்தான் ஆறு மணிக்கு ஆள் இருக்காது.

பள்ளிகளில் நடந்திருப்பது கிட்டத்தட்ட இதுதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் பெண்கள் கூடைப்பந்து உள்ள பள்ளிகள் தோராயமாக 17,000 முதல் 18,000 வரை. நாலரை லட்சத்தை அதால் வகுத்தால் பள்ளிக்கு 25, 26 பேர். மூன்றே முக்கால் லட்சத்துக்குக் கீழே வந்தால் 21 பேர். நாலைந்து பேர்தானே குறைந்தார்கள் என்று தோன்றும். நிஜத்தில் எல்லாப் பள்ளியிலும் நாலைந்து பேர் குறைவதில்லை. ஓர் அணி இருக்கும், இல்லையென்றால் இருக்காது. பாதி அணி என்று ஒன்று கிடையாது. ஒரு பள்ளியில் மூன்றாம் அணி நிறுத்தப்பட்டால் பத்துப் பேர் ஒரேயடியாகப் போவார்கள். பக்கத்துப் பள்ளியில் ஒருவரும் குறைந்திருக்க மாட்டார்கள். சராசரியில் அது நாலைந்தாகத் தெரிகிறது.

வார்சிட்டி ஆட்டத்தைப் பார்க்கப் போகும் ஊர்க்காரர்களுக்கு இது கண்ணில் படாததும் இதனால்தான். மேலே இருக்கும் அணி இருந்துகொண்டேதான் இருக்கிறது. மறைவது அடிப்படி.

ஒன்பது பேர் ஏன் போதாது

கூடைப்பந்தில் ஒரு பக்கம் ஐந்து பேர். பயிற்சியில் ஆட்டத்தை ஆடிப் பார்க்க இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்துப் பேர் வேண்டும். பத்து என்பது பேருக்கு ஓர் எண் இல்லை. அதற்கு ஒன்று குறைந்தால்கூட பயிற்சியின் தன்மையே மாறிவிடுகிறது. எந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் ஒரு ஏற்பாடு ஏற்பாடாகவே இயங்காதோ, அதை வாசல் எண்ணிக்கை என்று இந்தக் கட்டுரையில் சொல்லிக்கொள்கிறேன்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் மகளின் முதல் ஆண்டில், வந்த 19 பேரில் 11 பேர் வார்சிட்டிக்குப் போனார்கள். மீதி எட்டுப் பேர் ஜே.வி. அவளை அழைத்துவரப் போகும்போது ஜிம்முக்குள் நின்று பார்ப்பேன். எட்டில் ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கு, ஐஸ் கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். ஐந்துக்கு ஐந்து ஆட ஆள் காணாது. உதவிப் பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஒரு பக்கம் நிற்பார். அப்படியும் போதாமல் இரண்டு மடக்கு நாற்காலிகளை எதிரணி ஆட்டக்காரர்களாக நிறுத்துவார்கள். நாற்காலி கையை நீட்டித் தடுக்காது, ஓடி வராது. அதைத் தாண்டிப் பந்தைப் போட்டுப் பழகிய பெண், நிஜ ஆட்டத்தில் ஓர் ஆள் மேலே வந்து விழும்போது திகைத்துப் போகிறாள்.

ஆட்டத்தின் அன்று இன்னொரு கஷ்டம். ஆள் மாற்ற ஆள் இல்லாததால் அரங்கத்தின் இரண்டு முனைக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். களைப்பு, அதனால் தவறு, பெரிய வித்தியாசத்தில் தோல்வி. அப்படி ஒரு பருவம் போனால் அடுத்த ஆண்டு எட்டுப் பேரில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்?

டவுன் பஸ் கதை

வாசல் எண்ணிக்கைக்குக் கீழே போனதும் ஒரு சுழல் தொடங்குகிறது. கிராமத்துக்கு வரும் டவுன் பஸ்ஸை நினைத்தால் போதும். நாளைக்குப் பத்து டிரிப் வந்த பஸ், கூட்டம் குறைந்தது என்று ஆறாகக் குறைக்கப்படுகிறது. பத்து மணி பஸ்ஸை நம்பியிருந்தவர் கடன் வாங்கி டூவீலர் வாங்கிவிடுகிறார். அதனால் கூட்டம் இன்னும் குறைகிறது. டிரிப் நாலாகிறது. கடைசியில், "இந்த ஊர்க்காரங்க பஸ்ல ஏறுறதே இல்ல" என்று முடிவு கட்டுவார்கள். பஸ் வராமல்தான் ஏறவில்லை என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும்.

ஃப்ரெஷ்மேன் அணி நிறுத்தப்பட்டதும் 14 வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் பெண், 16 வயதுக்காரர்களோடு போட்டி போட்டு ஜே.வி.யில் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் முயற்சியே செய்யமாட்டார்கள். அதனால் அடுத்த ஆண்டு ஜே.வி. மெலிகிறது. அதிலிருந்து நன்றாக ஆடும் இரண்டு பேரை வார்சிட்டி இழுத்துக்கொள்கிறது. ஜே.வி. இன்னும் மெலிகிறது.

இந்தச் சுழல் ஒரு பள்ளியோடு நிற்பதும் இல்லை. ஆட்டம் என்றால் எதிரணி வேண்டும் அல்லவா? எங்கள் பள்ளியில் ஃப்ரெஷ்மேன் அணி இருந்தாலும், பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் இல்லையென்றால் யாரோடு ஆடுவது? ஆட்டமே கிடைக்காத அணியை நடத்துவானேன் என்று இங்கேயும் எடுத்துவிடுவார்கள். ஒரு பள்ளியின் முடிவு நான்கு பள்ளிகளின் முடிவாகிவிடுகிறது. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பெண்களின் 'ஆர்வம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சுருக்கமாக: கீழ் அணி போனால் புதியவர் வரமாட்டார். புதியவர் வராவிட்டால் மேல் அணியும் மெலியும். பக்கத்துப் பள்ளியையும் அது பாதிக்கும்.

முதல் தள்ளு எங்கிருந்து வந்தது?

சுழலைப் புரிந்துகொண்டாச்சு. அதைத் தொடக்கி வைத்தது எது? காரணங்கள் பல. என் கணிப்பில் முக்கியமானது நாட்காட்டி.

அமெரிக்கப் பள்ளி விளையாட்டு ஆண்டு மூன்று பருவமாகப் பிரியும். இலையுதிர் காலம், குளிர்காலம், வசந்தம். பெண்கள் வாலிபால் இலையுதிர் காலத்தில். கூடைப்பந்து குளிர்காலத்தில், நவம்பரிலிருந்து மார்ச் வரை. சாஃப்ட்பாலும் தடகளமும் வசந்தத்தில். முன்பெல்லாம் ஒரு பெண் மூன்று பருவத்துக்கும் மூன்று ஆட்டம் ஆடினாள். பள்ளி எந்த ஆட்டத்தை வைத்ததோ அது அந்தப் பருவத்தின் ஆட்டம், அவ்வளவுதான்.

இப்போது பள்ளிக்கு இணையாகக் கிளப்புகள் வளர்ந்துவிட்டன. கிளப் என்பது பெற்றோர் கட்டணம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கும் தனியார் அணி. வார இறுதிகளில் வெளியூர்ப் போட்டிகளுக்குக் காரிலோ விமானத்திலோ கூட்டிப்போக வேண்டும். எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கும் பயிற்சியாளர்கள் இந்தக் கிளப் போட்டிகளுக்குத்தான் அதிகம் வருகிறார்கள் என்பதால் பெற்றோர் துணிந்து செலவழிக்கிறார்கள். இவ்வளவு காசு கட்டியபின் பிள்ளை ஒரே ஆட்டத்தை ஆண்டு முழுக்க ஆடத் தொடங்குகிறாள். இதற்கு ஒற்றை விளையாட்டுப் போக்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பள்ளி வாலிபால் முடிவது நவம்பர் வாக்கில். அது முடிந்த கையோடு கிளப் வாலிபால் தேர்வு, குளிர்காலம் முழுக்கப் பயிற்சி, வசந்தம் முடியும்வரை போட்டி. கிளப் வாலிபால் உட்கார்ந்திருப்பது பள்ளிக் கூடைப்பந்தின் பருவத்தில்தான். உயரமாக, நன்றாக எம்பிக் குதிக்கிற பெண்ணைத்தான் இரண்டு ஆட்டமும் தேடும். ஒரே மாலை ஆறு மணிக்கு இரண்டு பயிற்சி. ஒன்றுக்குக் காசு கட்டியாகிவிட்டது, இன்னொன்று இலவசம். எதை விடுவாள்?

மிச்சிகனில் இதற்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. 2007 வரை இங்கே எல்லாம் தலைகீழ்: பெண்கள் கூடைப்பந்து இலையுதிர் காலத்தில், வாலிபால் குளிர்காலத்தில். பையன்கள் குளிர்காலத்தில் ஜிம்மைப் பயன்படுத்த, பெண்களுக்கு வேறு பருவம் ஒதுக்கிய பழைய ஏற்பாடு அது. பெண் பிள்ளைகளை மட்டும் பாதகமான பருவங்களில் ஆடவைப்பது பாகுபாடு என்று பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 2001-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீடுகள் நடந்து, 2007-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததோடு அது முடிந்தது. 2007-08 கல்வியாண்டிலிருந்து பருவங்கள் மாறின. தீர்ப்பு நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற மாநிலப் பெண்களைக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்க்கும் பருவத்தில்தான் மிச்சிகன் பெண்களும் ஆட வேண்டும். அதே மாற்றம், பள்ளிக் கூடைப்பந்தைக் கொண்டுபோய்க் கிளப் வாலிபாலின் பருவத்தில் நிறுத்தியது. மற்ற மாநிலங்களில் முன்பே இருந்த போட்டி இங்கேயும் வந்து சேர்ந்தது. அந்தப் பெற்றோர்கள் கேட்டது சம உரிமை. கிளப்புகள் இவ்வளவு பெரிதாகும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டியதும் இல்லை.

கூடைப்பந்துக்கும் கிளப் உண்டு. அது பெரும்பாலும் வசந்தத்திலும் கோடையிலும் நடப்பதால் பள்ளிப் பருவத்தோடு மோதுவதில்லை. அதன் பாதிப்பு வேறு விதம். மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே கிளப்பில் சேர்ந்த பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது ஐந்தாறு ஆண்டு அனுபவத்தோடு வருகிறாள். அன்றுதான் முதல்முறை பந்தைத் தட்டிப் பார்க்கும் பெண் அவள் பக்கத்தில் நிற்கிறாள். கூடைப்பந்தில் தெரியாததை மறைக்க முடியாது. பந்து கைக்கு வந்ததும் ஜிம்மே பார்க்கும். தடகளம் முதலிடத்துக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லாததும் இதனால்தான். ஓடத் தெரிந்தால் சேரலாம், பெரும்பாலான பள்ளிகளில் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

மற்ற காரணங்களும் உண்டு. முழங்காலுக்குள் ஏ.சி.எல். என்ற தசைநார் இருக்கிறது. கூடைப்பந்தில் அது கிழியும் வாய்ப்பு பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். கிழிந்தால் அறுவை சிகிச்சை, திரும்பி ஆட ஒன்பது மாதம், சில சமயம் ஒரு வருஷம். மகளுக்கு அப்படி நடந்த ஒரு வீட்டைப் பார்த்த பெற்றோர் தங்கை விஷயத்தில் யோசிப்பார்கள். நடுவர்கள் கிடைப்பதில்லை. கீழ் அணிக்குப் பயிற்சியாளர் கிடைப்பதும் கஷ்டம். குளிர்காலத்திலேயே மல்யுத்தம் போன்ற புது வாய்ப்புகளும் வந்திருக்கின்றன. அது நல்ல விஷயம், நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்படியானால் கெய்ட்லின் கிளார்க்?

2024 ஏப்ரலில் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டம், சவுத் கரோலினாவுக்கும் அயோவாவுக்கும். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 1.89 கோடி. அதே ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1.48 கோடி. பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தை முந்தியது அதுவே முதல் முறை. அயோவாவின் கிளார்க் மொத்தம் 3,951 புள்ளிகள் எடுத்து, கல்லூரிக் கூடைப்பந்தின் உச்ச நிலையான என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்த சாதனையை முறியடித்திருந்தார்.

பார்ப்பதும் ஆடுவதும் வேறு வேறு. நம்மூரில் ஐ.பி.எல். பார்க்கிற எல்லாருமா மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறார்கள்? தொலைக்காட்சி முன்னால் உட்கார வாசல் எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஆடுவதற்கு உண்டு. காலக்கணக்கும் இருக்கிறது. கிளார்க்கின் ஆட்டத்தைப் பார்த்து அப்பாவிடம் பந்து வாங்கித் தரச் சொன்ன ஒன்பது வயதுப் பெண், ஒன்பதாம் வகுப்புக்கு வர 2029 ஆகிவிடும். அவள் விருப்பத்தை 2024-ன் பள்ளிக் கணக்கில் தேடக்கூடாது. அவள் வந்து சேரும்போது அவள் பள்ளியில் புதியவர்களுக்கு ஓர் அணி இருக்குமா என்பதுதான் என் கவலை.

கிளார்க் பிறந்து வளர்ந்த அயோவா மாநிலத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே 1993 வரை பள்ளிப் பெண்கள் ஆறு பேர் அணியாக ஒரு தனி வகைக் கூடைப்பந்து ஆடினார்கள். மூன்று பேர் தாக்கி ஆடுபவர்கள், மூன்று பேர் தடுப்பவர்கள். யாரும் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது, பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக்கூடாது. பெண்களால் முழு அரங்கமும் ஓட முடியாது என்ற பழைய எண்ணத்தில் பிறந்த விதி என்பதால் அது போனது சரிதான். ஆனாலும் 1920-லேயே மாநிலப் போட்டி நடத்தி, டைட்டில் நைன் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே சின்னச் சின்ன ஊர்ப் பள்ளிகளிலும் பெண்களுக்கு அணி வைத்திருந்த மாநிலம் அது. ஊரே கூடி வந்து பார்க்கும். அந்த ஊர்ப் பெண்களுக்கு மட்டும் பிறவியிலேயே ஆர்வம் கூடுதலாக இருந்தது என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கு அணி இருந்தது.

எங்கள் பள்ளியில் அப்புறம் நடந்தது

இந்த எண்ணிக்கை பற்றிய செய்தி அடுத்த முறை கண்ணில் பட்டால், உங்கள் மகள் படிக்கும் பள்ளியில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பெண்களுக்கு எத்தனை கூடைப்பந்து அணிகள் இருக்கின்றன, பையன்களுக்கு எத்தனை? தேசியக் கணக்கைவிட அது அதிகம் சொல்லும்.

எங்கள் பள்ளிப் பயிற்சியாளர் அந்தக் கோடையில் ஒரு காரியம் செய்தார். வாரத்தில் இரண்டு காலை ஜிம்மைத் திறந்து, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், காசு வேண்டாம் என்றார். முன்அனுபவம் எதுவும் தேவையில்லை என்றே சொன்னார் என்று மகள் சொல்கிறாள். கற்றுக்கொடுப்பது ஹைஸ்கூல் பெண்கள். என் மகளும் போனாள். ஓடிவந்து எம்பிப் பந்தைக் கூடையில் போடும் லே-அப் என்ற அசைவுதான் முதல் பாடம். எந்தக் காலை எங்கே வைப்பது என்று புதியவர்களுக்குக் குழம்பும். அதற்காகத் தரையில் நீல டேப்பை ஒட்டி இரண்டு அடியைக் குறித்து வைத்திருந்தார்கள். முதல் வாரம் பந்தே இல்லாமல் அந்த டேப்பின் மேல் "வலது, இடது, மேலே" என்று நடந்துகொண்டே இருந்தார்கள்.

அந்த நவம்பரில் தேர்வுக்கு 27 பேர் வந்தார்கள். கிளப் வாலிபாலுக்குப் போகும் இரண்டு பேருக்கு வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு வராமல் இருக்க அனுமதி கொடுத்தார் பயிற்சியாளர். ஃப்ரெஷ்மேன் அணி திரும்ப வந்தது, எட்டுப் பேரோடு. அந்த அணிக்கு அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்கள்தான் கிடைத்தன. பக்கத்து ஊர்களில் அதற்கு எதிராக ஆட ஃப்ரெஷ்மேன் அணி வைத்திருந்த பள்ளிகள் மூன்றுதான்.